மேலிருந்து வெட்டுவது

வீடியோவை எடுத்தது என் மகள். எனக்குப் பின்னால் நின்று, பந்து போகவேண்டிய திசையைப் பார்த்தபடி கைப்பேசியைப் பிடிக்கச் சொல்லியிருந்தேன். பத்துப் பந்துகள். பத்தும் நேராகக் கிளம்புவதுபோலக் கிளம்பி, நடுவானில் மனம் மாறியதுபோல வலப்பக்கம் வளைந்து, வேலியோரச் செம்பனைப் பக்கம் போய் விழுந்தன.

"நீங்க நல்லாத்தான் சுத்துறீங்கப்பா, பந்துதான் சரியில்ல" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பதினொரு வருடம் கழித்து மறுபடியும் டிரைவரைக் கையில் எடுத்திருக்கிறேன். இடுப்பு கொஞ்சம் இறுக்கம், மூச்சு கொஞ்சம் வாங்கியது. ஆனால் ஸ்விங் அப்படியே இருந்தது என்று சத்தியம் செய்திருப்பேன். மட்டை உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று, வலது இடுப்புக்குப் பின்னாலிருந்து உள்பக்கமாக இறங்கி, பந்தை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. அப்படித்தான் உடம்பு எனக்குச் சொன்னது.

வீட்டுக்கு வந்து வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அதில் இருந்தவன் வேறு ஆள். மட்டை உச்சிக்குப் போனதும் அவனுடைய வலது தோள் முந்திக்கொண்டு வெளியே பாய்ந்தது. விறகு பிளக்கிறவனின் தோள். மட்டை வெளியிலிருந்து உள்ளே இறங்கி, பந்தைக் குறுக்காக அறுத்துவிட்டு இடப்பக்கம் போனது. நான் உணர்ந்ததற்கு நேரெதிர். கொஞ்சம் முன்னே பின்னே என்றால் வயதின் மீது பழி போட்டிருப்பேன். நேரெதிராக இருந்ததுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

அதைவிடத் தொந்தரவு, இந்த வீடியோ காட்டியதை ஒருவர் ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தார் என்பது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கைப்பேசி எதுவும் இல்லாமல், வெறும் கண்ணால் பார்த்து, நாலே சொல்லில்.

*

சிம்பாங் அம்பாட் என்றால் மலாயில் நாற்சந்தி. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மலாக்காவுக்குப் போகிறவர்கள் பலகையில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். இங்கே இறங்குகிற வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் கெமுஸ் சாலையிலிருக்கும் அ'ஃபமோசா ரிசார்ட்டுக்குப் போகிறவர்கள். அங்கே 27 குழி கொண்ட கோல்ஃப் மைதானம் இருக்கிறது. நான் பந்தடிப்பது அங்கே அல்ல. வட்டாரத்திலேயே இருக்கிற ஒரு சாதாரணப் பயிற்சித் திடலில். தேய்ந்த பச்சைப் பாய், துருப்பிடித்த வாளி நிறையக் கோடு போட்ட பந்துகள்.

அம்மா இங்கேதான் ஒரு தாமானில் இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். மாதம் இரண்டு வார இறுதி கோலாலம்பூரிலிருந்து வருவேன். போன வருடம் ஸ்டோர் அறையைச் சுத்தம் செய்யும்போது என் பழைய கோல்ஃப் பை கிடைத்தது. டிரைவரின் உறைக்குள் பல்லி முட்டை இட்டிருந்தது.

"டிரைவரைச் சரி பண்ணணும்மா" என்றேன்.

"எந்த டிரைவர்? லாரி டிரைவரா?"

இந்த விளையாட்டின் சொற்கள் எல்லாமே தமிழில் இப்படித்தான் வழுக்குகின்றன. பந்தை ஏற்றிவைக்கும் ஆணி, டீ. பை தூக்குகிறவர், கேடி. தமிழில் கேடி என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கோல்ஃப் தொரைமார் விளையாட்டாக இருந்த காலத்தில் தோட்டத்துப் பையன்கள் அதற்குள் நுழையக் கிடைத்த வழி அந்தப் பைதான். அதிலிருந்து மட்டையைக் கையில் எடுத்து மேலே போனவர்களும் இருக்கிறார்கள். பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009இல் இந்திய ஓப்பன் போட்டியையே வென்றார். நம் நாட்டிலும் எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற தமிழ்ப் பெயர்களை விளையாட்டுப் பக்கங்களில் பார்த்து நாங்கள் பெருமைப்பட்டதுண்டு. ஆனால் நான் ஆடத் தொடங்கியதற்கும் அந்தப் பெருமைக்கும் சம்பந்தமில்லை. 2005இல் என் மேலதிகாரிகள் ஆடினார்கள், நானும் ஆடினேன். அவ்வளவுதான்.

*

டிரைவர் ஏன் கடினம் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பையிலிருக்கும் மட்டைகளிலேயே நீளமானது அது, பட்டரைத் தவிர்த்தால் முகம் மிகக் குறைவாகச் சாய்ந்ததும் அதுதான். மட்டையின் முகமும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் உங்களால் எதையும் திருத்த முடியாது. உச்சியிலிருந்து பந்து வரைக்கும் மட்டை இறங்க எடுப்பதே கால் வினாடி சுமார்தான். அதாவது அடிக்கும்போது நீங்கள் முடிவு எடுப்பதில்லை. முன்பே எடுத்துப் பழகிய முடிவு உங்கள் வழியாக நடந்து முடிகிறது.

பந்து ஏன் வளைகிறது என்பதைப் பற்றி ஆட்டக்காரர்கள் ரொம்பக் காலம் தலைகீழாக நம்பிக்கொண்டிருந்தார்கள். மட்டை வீசப்படும் பாதையில் பந்து கிளம்பும், பிறகு மட்டையின் முகம் பார்க்கும் பக்கம் வளையும் என்பது பாடம். நல்ல பயிற்றுநர்களும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய ஆட்டக்காரர்களும் அப்படித்தான் தாங்கள் அடிப்பதாக உணர்ந்தார்கள். இயற்பியலாளர்கள் வேறு சொன்னாலும் திடல்வரை அது வந்து சேரவில்லை. 2003இல் டென்மார்க்கில் தொடங்கிய டிராக்மேன் போன்ற நிறுவனங்களின் ரேடார் கருவிகள் பரவிய பிறகுதான் திடலில் நிற்பவர்கள் ஒப்புக்கொண்டார்கள்: பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம். அந்த முகத்துக்கும் மட்டையின் பாதைக்கும் இருக்கும் வித்தியாசம்தான் வளைவு.

யோசித்துப் பாருங்கள். தினமும் நூற்றுக்கணக்கான பந்து அடித்தவர்கள், உலகக் கோப்பைகளைத் தூக்கியவர்கள், தங்கள் கைக்குள் நடப்பதைத் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உள்ளபடியே அப்படித்தான் உணர்ந்தார்கள்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. பந்து வலப்பக்கம் வளைகிறது என்றால் ஒருவன் இயல்பாக என்ன செய்வான்? இடப்பக்கம் குறி வைத்து, இன்னும் பலமாக இடப்பக்கம் இழுப்பான். அப்படி இழுத்தால் பாதை இன்னும் இடப்பக்கம் போகும், முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம் கூடும், பந்து இன்னும் அதிகமாக வலப்பக்கம் வளையும். தவறைச் சரிசெய்ய எடுக்கும் முயற்சியே தவறுக்குத் தீனி. ஸ்லைஸ் அடிக்கிறவன் பத்து வருடம் ஸ்லைஸ் அடிப்பது சோம்பலால் அல்ல. அவன் தினமும் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறான்.

*

2012 இறுதி என்று நினைக்கிறேன். வேறு மாநிலத்தில் ஒரு கிளப். நான், இரண்டு மேலதிகாரிகள், என் வயதுள்ள ஒரு சக ஊழியன். பக்கி வண்டிகளோடு சில கேடிகளையும் அப்போது வைத்திருந்தார்கள். எனக்கு வந்தவர் தமிழர். அறுபதை நெருங்கியிருப்பார். வெயிலில் காய்ந்த கழுத்து. மேல்சட்டையின் முதுகில் 31 என்று ஓர் எண்.

நான்காவது குழியிலும் என் பந்து காட்டுக்குள் போனதும், அடுத்த குழியில் பந்தை ஏற்றிவைக்கும்போது அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, மேல இருந்து வெட்டுறீங்க. கீழ இறங்க விடுங்க."

நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "பரவால்லண்ணே, நான் பாத்துக்கிறேன்." கொஞ்சம் வெடுக்கென்று சொல்லியிருப்பேன், அடிக்கப் போகும் நேரத்தில் பேசினால் யாருக்கும் அப்படித்தான் வரும். அடுத்த வருடம் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், வேலையும் மாறி, ஆட்டம் நின்றுபோனது. அந்த அண்ணனை நான் மறந்தும்போனேன்.

வீடியோ பார்த்த சில வாரத்தில் அலோர் காஜாவில் ஒரு திருமணம். அந்தச் சக ஊழியன் வந்திருந்தான். சாப்பாட்டு மேசையில், நான் மறுபடி ஆடத் தொடங்கியதைச் சொல்லி, "அன்னைக்கு அந்த கேடி அண்ணன் சொன்னது சரிதான்டா" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எந்த அண்ணன்? நீ கத்துனியே, அவரா?"

"நான் எங்கடா கத்துனேன்?"

"என்னலா இப்படிக் கேக்குற. 'பேக் தூக்கத்தான் உனக்குக் காசு, வாய மூடிக்கிட்டு தூக்கு'ன்னு சொன்ன. பெரியவங்களே ஒரு மாதிரி ஆயிட்டாங்க. அந்த ஆள் மிச்சக் குழி முழுக்க ஒரு வார்த்த பேசல."

உனக்கு. தூக்கு. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவரிடம்.

நான் உடனே மறுத்தேன். அவனுக்கு வேறு யாரோடோ குழம்பியிருக்கும் என்றேன். அவன் வாதாடவில்லை. "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான். அந்த 'இருக்கலாம்' எனக்காகச் சொல்லப்பட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது யோசித்தேன். என் ஞாபகத்தில் என் குரல் மென்மையாக இருந்தது. என் உடம்பின் ஞாபகத்தில் என் மட்டையும் உள்பக்கமாகத்தான் இறங்கியது.

*

அந்த வார இறுதியில் அம்மாவிடம் வீடியோவைக் காட்டினேன். எதற்கென்று தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"என்னாத்துக்கு இவ்ளோ கோவமா அடிக்கிற?"

"கோவம் இல்லம்மா, வேகம்."

"பாத்தா கோவம் மாதிரிதான் இருக்கு."

பிறகு கேட்காமலே பால்வெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இந்த மாநிலத்தில் ரப்பருக்கு நீண்ட கதை உண்டு. மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று ரப்பர் நட்டது 1890களில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்ற சீன வணிகர். மரத்தைக் கண்டபடி கொத்தாமல், ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை அதே காலத்தில் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் ரிட்லி உருவாக்கினார். அம்மாவுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வேறு. இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிய வேண்டும், ஏனென்றால் பால்குழாய்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. அந்தச் சரிவில் சீவினால் அதிகக் குழாய்கள் திறக்கும். விடியும் முன் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் பால் இறுகிவிடும். உளியை அழுத்தக் கூடாது, இழுக்க வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய உயிர்த்தோல் இருக்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் உளி நின்றுவிட வேண்டும். அதைத் தொட்டால் மரத்துக்குக் காயம்.

"புதுசா வர்றவங்க எல்லாருக்கும் நாம மெதுவாத்தான் வெட்டுறோம்னுதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. மண்டோர் வந்து பாத்துட்டு, காயம் காயம்னு சுண்ணாம்புல குறி போடுவாரு. நான் அழுவேன். நான் அழுத்தவே இல்லன்னு சண்ட போடுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. மரத்துல இருக்குல்ல."

காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை சமமாக வளராது. முடிச்சு முடிச்சாகத் திரளும். சில வருடம் கழித்து உளி அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வரும்போது அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. அந்த நிரையில் வெட்டியவர் தோட்டத்தை விட்டே போயிருந்தாலும், அவர் கை எப்படி இருந்தது என்று மரத்தைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றார் அம்மா. தன்னுடைய நிரையில் முதல் ஆறு மாதத்து மரங்களைப் பார்க்க ரொம்ப நாள் கூச்சமாக இருந்ததாம்.

"பழகப் பழகச் சரியாயிருச்சா?"

"பழகுனா மட்டும் சரியாவுமா? தப்பாவே பழகுனவங்க இருந்தாங்க. இருவது வருசம் வெட்டுவாங்க, இருவது வருசமும் காயம் போடுவாங்க. போயிப் போயி மரத்தத் தடவிப் பாக்கணும்."

எனக்கு அரிஸ்டாட்டில் ஞாபகம் வந்தார். நற்பண்பு பிறவியில் வருவதில்லை, செய்து செய்து வருவது என்று அவர் நிக்கோமாக்கிய அறநூலில் வாதிடுவதை நிறையப் பேர் மேற்கோள் காட்டுவார்கள். கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறார், அதுபோல நியாயமாக நடந்து நடந்துதான் நியாயமானவர் ஆகிறார் என்பது அவர் கணக்கு. அதே இடத்தில் அவர் சொல்லும் அடுத்த பாதியை நாம் விட்டுவிடுகிறோம். மோசமாகக் கட்டிக் கட்டித்தான் மோசமான கொத்தனாரும் உருவாகிறார். அப்படி இல்லையென்றால் ஆசிரியரே தேவைப்பட்டிருக்காது. பழக்கம் எதையும் நல்லதாக்குவதில்லை, உறுதியாக்குகிறது. நான் எட்டு வருடம் ஸ்லைஸைப் பயிற்சி செய்திருக்கிறேன். அடுத்த பதினொரு வருடம் மனதுக்குள் ஒரு நல்ல ஸ்விங்கைப் பயிற்சி செய்திருக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

*

இந்த இடத்தில் இளம் நண்பர்கள் சிலர் கோபப்படுவார்கள் என்று தெரியும். 'வெளியிலிருந்து பார்க்கும் கண்' என்ற பெயரில்தானே நம்மைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்? நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டுக் கேட்டுத்தானே எத்தனையோ பேர், குறிப்பாகப் பெண்கள், தங்களுக்குத் தெரிந்த உண்மையைத் தாங்களே சந்தேகப்பட்டு வாழ்ந்தார்கள்? உன் உணர்வை நம்பாதே என்பது ஆபத்தான அறிவுரை இல்லையா?

ஆபத்தானதுதான். அதற்காகத்தான் பாப்வா சுகோலமைச் சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர்கள் கப்பலேறிப் போன அந்த ஊரில் வளர்ந்தவர் அவர். இந்திய வம்சாவளியினர். சிறுவயதில் கேடி. யாரும் சொல்லிக்கொடுக்காமல் மட்டையைப் பிடிக்கக் கற்றதால் கைகளை மாற்றிப் பிடித்தார். வலக்கை ஆட்டக்காரர் இடக்கையை மேலே வைக்க வேண்டும். அவர் வலக்கையை மேலே வைத்தார். எந்தப் பயிற்றுநரும் முதல் நாளே திருத்திவிடும் பிடி. அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என்று மூன்று தடவை டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனை வென்றார். வெள்ளையர் அல்லாதவர் கிளப் கட்டடத்துக்குள் நுழைய முடியாது. மழை பெய்துகொண்டிருந்தது. கோப்பையை வெளியே மழையில் நின்று வாங்கினார். 1965இல் கேரி பிளேயரையே பின்னுக்குத் தள்ளி அதே போட்டியை மறுபடி வென்றார். அதற்குப் பிறகு நிறவெறி அரசு அவர் அத்தகைய போட்டிகளில் ஆடுவதற்குத் தடை போட்டது.

அவரைச் சுற்றி எத்தனையோ கண்கள். பிடி தப்பு என்று ஒரு கண், தோல் தப்பு என்று ஒரு கண். பந்து மட்டும் வேறு சொன்னது. அவர் செய்தது பந்தின்மேல் விழுந்தது. பந்து நேராகப் போனது. கட்டடத்துக்குள் காய்ந்த உடையோடு நின்றவர்கள் தாங்கள் வெறும் விதியைப் பின்பற்றுவதாகத்தான் உணர்ந்திருப்பார்கள். அவர்கள் செய்தது மழையில் நின்ற ஒருவர்மேல் விழுந்தது.

எனக்குப் பிடிபட்டது இதுதான். கேட்கவேண்டியது நாலு பேரை அல்ல. என் செயல் எதன்மேல் விழுகிறதோ, யார்மேல் விழுகிறதோ, அதைத்தான், அவரைத்தான். உளிக்கு மரம். மட்டைக்குப் பந்து. சொல்லுக்கு, அதைக் கேட்க நேர்ந்தவர். என் செயல் எப்படிப்பட்டது என்பதைப் பற்றி என் உள்மனசைவிட அதிகம் தெரிந்தவர் அவர். 'நான் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன்' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அது உண்மையாகவே இருக்கலாம். 'நான் அழுத்தவே இல்லை' என்று அழுத இளம்பெண்ணாக என் அம்மாவும் உண்மையைத்தான் சொன்னார். காயம் மரத்தில் இருந்தது.

அப்படியானால் என் விஷயத்தில் சாட்சி ஒருவர்தான். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நாலு மணி நேரம் என் பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்தவரைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது முதுகிலிருந்த எண் மட்டும்.

*

போனேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. போகாமல் இதை எழுத முடியாது என்பதால் போனேன். அந்தக் கிளப்பில் இப்போது கேடிகள் இல்லை, எல்லாம் பக்கி. வரவேற்பு மேசையிலிருந்த பெண்ணுக்கு நான் சொன்ன வருடத்தில் பள்ளிக்கூட வயதுதான் இருந்திருக்கும். புல் வெட்டும் பிரிவில் ஒரு தமிழர் இருந்தார். "முப்பத்தொன்னா? நம்பர் மாறிக்கிட்டே இருக்கும் சார். யாருன்னு எப்படிச் சொல்றது" என்றார். பேரைச் சொல்லுங்கள் என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

திரும்பி வரும்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. இத்தனை நாளாக என் கோபத்துக்கு நான் வைத்திருந்த காரணம், அடிக்கும் நேரத்தில் பேசினார் என்பது. அது இல்லை. அவர் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டார். மேலதிகாரிகள் இருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் பை தூக்கும் ஒருவர் என்னிடம் உரிமையோடு குனிந்து என் மொழியில் பேசுகிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. நான் எங்கிருந்து வந்தவன் என்பதை அந்த ஒரு சொல் திடலில் எல்லோருக்கும் அறிவித்துவிட்டதாக எனக்கு இருந்தது. பந்து வலப்பக்கம் போகிறது என்று நான் இன்னும் பலமாக இடப்பக்கம் இழுத்தேன்.

இதையும் நான் முழுக்க நம்பக் கூடாது என்று தெரியும். இவ்வளவு அழகாகத் தன் குற்றத்தை அலசுகிறவனும் உச்சியில் ஒரு கணம் நின்று தன் ஸ்விங்கை ரசிக்கிறவனாக இருக்கலாம். வருத்தப்படுவதாக உணர்வதும் ஓர் உணர்வுதானே. அதற்கும் வீடியோ வேண்டும்.

*

ஸ்விங்கைத் திருத்த நான் செய்துகொண்டிருப்பது எளிமையானது. பந்தை உயர்த்தி, பாதிப் பந்து மட்டையின் தலைக்கு மேலே தெரியும்படி ஏற்றிவைக்கிறேன். உச்சியில் தோளை அடக்கி, முதலில் இடுப்பைத் திரும்ப விடுகிறேன். குளத்தில் ஓட்டுச்சில்லைத் தத்தவிடும்போது கை தாழ்வாகப் பக்கவாட்டில் வருமே, அதுபோல. பாதி வேகம். ஐந்து பந்துக்கு ஒரு வீடியோ. ஆரம்பத்தில் மட்டை எனக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி, ஏதோ கேலிக்கூத்துபோல இறங்குவதாக உணர்ந்தேன். இது ரொம்ப அதிகம் என்று நினைத்துக்கொண்டு வீடியோவைப் பார்த்தால் ஓர் அங்குலம் மாறியிருந்தது. உணர்வில் ஓர் அடி மாற்றினால் உண்மையில் ஓர் அங்குலம். இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஏறக்குறைய இப்படித்தான் என்கிறார்கள்.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு கூட்டம். வெளியிலிருந்து வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். நான் திரையில் ஒரு கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தபோது, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி, பக்கத்தில் குனிந்து தமிழில் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, அந்த மூணாவது வரி தப்பா இருக்கு."

அதே சூடு. கழுத்தின் பின்பக்கத்திலிருந்து ஏறியது. அண்ணேயா? இத்தனை பேர் முன்னாலா? தோள் முந்திக்கொண்டு பாயத் தயாராக இருந்தது. நான் அடக்கினேன். மெனக்கெட்டு அவன் பக்கம் திரும்பி, எல்லோரும் பார்க்க, நன்றி சொன்னேன். வரியைத் திருத்தினேன். அவன் காலில் விழுந்ததுபோல எனக்கு இருந்தது. இது ரொம்ப அதிகம் என்றுகூட நினைத்தேன்.

மாலையில் அவனைக் கோப்பிக் கடைக்கு அழைத்துப்போனேன். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. "காலையில நீ சொன்னப்ப நான் எப்படிப் பேசுனேன்? உள்ளதச் சொல்லு."

அவன் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே யோசித்தான்.

"சாதாரணமாத்தான்ணே. 'ம், சரி'ன்னீங்க." கொஞ்சம் தயங்கி, "லேசா மொறைச்ச மாதிரி இருந்துச்சு" என்றான்.

"தேங்ஸ் சொன்னேனே?"

"அப்படியா? எனக்குக் கேக்கலண்ணே."

அவன் பெயரை நான் சரியாகத்தான் உச்சரிக்கிறேனா என்று கேட்டேன். இல்லை என்றான்.